பதினொரு நிமிஷச் சத்தம்

நஞ்சப்பா ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி
நாலாவதில் ரமீஜாவிடம் கேட்டேன்:
ஏனுங்க, காத்தடிக்கிற மிஷின்,
மலைக்குக் கொண்டுபோறாப்பல ஒண்ணு வேணுங்.

எந்த மலை என்று கேட்டாள்.
மற்ற மூவரும் எவ்வளவுக்குள்ள என்று கேட்டார்கள்.

கடம்பூர். அதுக்கும் மேல,
தார் தீர்ந்துபோன இடத்திலிருந்து.
மூணு பள்ளம் குறுக்கால போகும்,
மணல், அக்கட்டக் கரையேறினால் கூர்க்கல்லு.
வாரம் ரெண்டு நாள், ஐஸ் பெட்டியில் கோமாரி ஊசிமருந்து,
பக்கத்து சீட்டில் நவநீதன்,
கால்நடை உதவியாளர்,
சரிவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்பவர்.

மணலுக்குப் பதினாறாக இறக்கினால்தான்
டயர் வாத்துக்காலாய்ப் பரத்திப் போகும்.
இறக்கச் செலவில்லை, ஒரு வேலிமுள் போதும்.
கல்லுக்கு மறுபடி இருபத்தாறு வேண்டும்.
இதுவரைக்கும் கால்பம்புதான்.
டயருக்கு நானூற்றுச் சொச்சம் மிதி.
நவநீதன் எண்ணுவார், மிதிக்கமாட்டார்.

முதலில் எடுத்தது டிபன்பாக்ஸ் அளவு,
சிகரெட் லைட்டர் குழியில் சொருகுவது.
"இது கல்யாணத்துக்குப் போற காருக்கு"
தானே திருப்பி வைத்தாள்.
அடுத்தது ஒயரில்லாதது.
அட்டையில் 'ஐந்தே நிமிடம்'.
எத்தனை டயருக்கு என்று அட்டை சொல்லவில்லை.
"ரெண்டாவதுல மூச்சு வாங்கும், மூணாவதுல படுத்துக்கும்.
அங்க எதுலங்க சார்ஜ் போடுவீங்க, மூங்கில்லயா?"

கடைசியாக அந்த ரெட்டை சிலிண்டர்.
ஆட்டுக்குட்டிக் கனம்.
பேட்டரியையே கவ்வும் முதலைவாய் ரெண்டு.
ட்யூப் பின்சக்கரம் வரை எட்டும் என்று
சொல்லவில்லை, வாசல்வரை இழுத்துக் காட்டினாள்.

அந்த வாசலிலேயே நாலு டயரையும் இறக்கினேன்.
பின்னால் வந்த ஆட்டோக்காரர்
என் வம்சத்தை விசாரித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.
எஞ்சினை ஓடவிட்டுக் கவ்வியை மாட்ட,
கத்தியது,
மாவு மில்லைக் குடத்துக்குள் போட்டு மூடினாற்போல.
பதினொரு நிமிஷம், நாலு சக்கரம்.
தொட்டேன். சுட்டது. நிற்கவில்லை.
முள் கூடக் காட்டுகிறதென்று அவளாகவே
வேறு மீட்டர் வைத்துப் பார்த்து
ஒரு துண்டுச்சீட்டை டேப்பால் ஒட்டினாள்:
'ரெண்டு கழிச்சுக்கோங்க.'

எல்லாம் சரிதானுங், பள்ளத்தங்கரையில யானை நிக்குமே என்றேன்.

சித்தெ நேரம் பேசவில்லை.
மேல்தட்டிலிருந்து ஒற்றை சிலிண்டர் ஒன்று இறங்கியது.
"இது முப்பத்தஞ்சு நிமிஷம் முனகும்.
அது பதினொண்ணு கத்தும்.
எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

வட்டிக்காரரிடம் நான் முனகுகிறவன்.
வீட்டிலும்.
கத்துவதை வாங்கினேன்.

போன வியாழன், இருட்டுக் கட்டும் நேரம்,
மூன்றாம் பள்ளத்தின் அக்கரை.
இடது முன், வலது முன், இடது பின்.
இருபத்தெட்டில் முள், ரெண்டு கழித்தாயிற்று.
கடைசி டயர் பதினெட்டைத் தாண்டும்போது
எங்கேயோ மூங்கில் ஒன்று முறிந்தது.
நிறுத்தினேன்.
அப்போதுதான் கேட்டது,
மிதிக்க ஒன்றுமில்லாமலும் நவநீதன்
கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார்:
நூத்தி நாப்பத்தி ரெண்டு, நூத்தி நாப்பத்தி மூணு.

விளக்கைப் போடாமல் கவ்வியைக் கழற்றினேன், கை பொத்துப்போனது.
மூன்று கால் திடமாக, ஒரு கால் தொய்வாக
ஊர்வரைக்கும் வலப்பக்கம் சாய்ந்தே போனோம்.
ஐஸ்கட்டிகள் உருண்டு உருண்டு
ஒரே மூலைக்கு வந்து சேர்ந்தன.

விடிந்து, பட்டி வாசலில்,
பாக்கிக் காற்றை அடித்தேன்.
ஊசிக்குக் கட்டியிருந்த கிடாரி ஒன்று
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.
பிடித்துவர ஒன்றரை மணி நேரம்.
அதை எந்த அட்டையிலும் போடவில்லை.